ஷேர்டு டிரைவில் போட்டுவிட்டால் போதுமா?

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது இது. அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்தில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஃபைல்களை வைத்திருந்தார்கள். 14-ம் தேதிக்கும் 16-ம் தேதிக்கும் இடையே சுமார் 77 டெராபைட் டேட்டா அழிந்துபோனது. எண்ணிக்கையில் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள்! 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் ஃபைல்களை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியாது எனப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

இது ஹேக்கர் வேலை இல்லை. பழைய லாக் ஃபைல்களை நீக்குவதற்கான பேக்கப் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய வடிவத்தை ஏற்றிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் அது ஆராய்ச்சி ஃபைல்களையே நீக்கிவிட்டது.

சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாத பல்கலைக்கழகங்களிலும் ஊழியர்களுக்கு ஷேர்டு டிரைவ் உண்டு. கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவ், டி டிரைவுக்குப் பக்கத்தில் இசட் டிரைவ் என்றோ, துறையின் பெயரிலோ ஒன்று தெரியும். பார்க்க மேஜையில் இருப்பதுபோல இருந்தாலும், ஃபைல்கள் இருப்பது சர்வர் அறையில். மேஜைக் கம்ப்யூட்டர் பழுதானாலும், பக்கத்து சீட் கம்ப்யூட்டரில் லாக்-இன் செய்து வேலையைத் தொடரலாம். அதுதான் இதன் பெரிய வசதி.

ஹார்டு டிஸ்க் போனால்?

பெரும்பாலான சர்வர்களில் பல டிஸ்குகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று பழுதானாலும் ஃபைல் தப்பிவிடும். ஆனால், ஒருவர் தவறுதலாக டெலிட் செய்தால், எல்லா டிஸ்குகளிலிருந்தும் அது போய்விடும். டிஸ்க் பழுதுக்கான பாதுகாப்பு வேறு, பேக்கப் வேறு.

ரீசைக்கிள் பின்னில் தேடலாமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விண்டோஸில் நெட்வொர்க் டிரைவிலிருந்து நீக்கும் ஃபைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது. அதனால், நிரந்தரமாக நீக்கவா என்று கேட்கும்போது ஒருமுறை நிதானித்துப் படிப்பது நல்லது.

அப்படியும் நீக்கிவிட்டால்? ஃபைல் இருந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' பகுதியைப் பார்க்கலாம். சர்வரில் அந்த வசதியைச் செய்து வைத்திருந்தால், பழைய தேதியிட்ட பிரதி அங்கே கிடைக்கும். இல்லையென்றால், உடனே ஐடி பிரிவுக்குச் சொல்ல வேண்டும். பழைய பிரதிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள் என்பதால் தாமதம் ஆபத்து.

யார் பார்க்கலாம்?

மாணவர்களின் மதிப்பெண், வினாத்தாள், சம்பள விவரம் போன்றவற்றைத் துறை முழுவதும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் போடக் கூடாது. தேவையானவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். திருத்த வேண்டியதில்லை என்றால் படிக்க மட்டும் அனுமதி போதும். இடம் மாறியவர்களின் அனுமதியை அன்றே எடுத்துவிட வேண்டும்.

துறைக்குத் தேவையான ஃபைல்களைத் தனிப்பட்ட ஃபோல்டரில் வைப்பதும் சிக்கல்தான். ஊழியர் ஓய்வுபெற்று, அவரது கணக்கு மூடப்பட்டால், அடுத்து வருபவர் அதைத் திறக்க முடியாமல் தவிப்பார். குடும்பப் புகைப்படங்களுக்கும் அலுவலக டிரைவ் ஏற்ற இடமில்லை. வேலையை விடும் நாளில் அவையும் கைவிட்டுப் போகலாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

முக்கியமான ஃபைல்களுக்கு நிபுணர்கள் சொல்லும் எளிய கணக்கு இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். ரகசிய ஃபைல் என்றால், கூடுதல் பிரதியை எங்கே வைக்கலாம் என்று பல்கலைக்கழக விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐடி பிரிவிடம் இந்த வாரமே கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்? எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? நீக்கிய ஃபைலை மீட்க யாரிடம் சொல்ல வேண்டும்? பதில் கிடைத்ததும், தேவையில்லாத ஒரு ஃபைலை நீக்கி, மீட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். அது திரும்பி வந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று நம்பலாம்.