சொல்லாத வசனம்

‘ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டுமே!’

ஒன்பதாம் கிளாஸில் வரலாற்று வாத்தியார் இதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். அன்று பிடித்த பைத்தியம்; மேரி அன்டாய்னெட் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் விடுவதில்லை. இப்போது அந்த வசனத்தைக் கேட்டால் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

அவள் அதைச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை சார்! ‘யாரோ ஒரு பெரிய இளவரசி சொன்னாள்’ என்று பெயர் போடாமல் ரூசோ 1760-களில் எழுதி வைத்தது அது. அப்போது மேரி, வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பெண். கல்யாணமாகி பிரான்ஸுக்கு வந்ததே 1770-ல், 14 வயதில்.

‘அவ நகைச் செலவுலதானே நாடு திவாலாச்சு?’ என்பீர்கள். 1788 பட்ஜெட்டைப் பாருங்கள். ஏறக்குறைய பாதிப் பணம் கடனுக்கே போனது. பெரும்பாலும் ராஜாக்கள் போட்ட சண்டைகளுக்கு வாங்கிய கடன். ஒட்டுமொத்த அரண்மனைச் செலவு சுமார் 6 சதவிகிதம்தான். பழி மட்டும் அவள் தலையில். நம்ம ஊர் பாஷையில், ‘மருமக வந்த நேரம்!’

உத்தமி என்று சொல்லவில்லை. ஊதாரிதான், சூதாடினாள். 1792-ல் போர்த் திட்டத்தைப் பிறந்த வீட்டுக்கே கசியவிட்டாள். அதற்குத் தாராளமாகத் திட்டுங்கள்.

1793 அக்டோபர் 16-ல், 37 வயதில் தலையை வெட்டியாகிவிட்டது. சொல்லாத வசனத்துக்கு இன்னுமா தண்டனை? அடுத்த முறை மேடையில் யாராவது கேக் ஜோக் அடித்தால் கை தட்டாதீர்கள், ப்ளீஸ்!