தறியருகே ஒரு நோட்டு

மனம் மாறினால் வாழ்வு மாறும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் மனத்தை மாற்றுவது எவ்வாறு என்று கேட்டால் அவர்கள் மறுபடியும் மனத்தையே சுட்டிக் காட்டுகிறார்கள். என் அனுபவம் வேறு. முதலில் கை மாறுகிறது; மனம் மெதுவாக அதன் பின்னே வருகிறது. ஆகவே, நாள்தோறும் செய்த வேலையையும் வரவு செலவையும் எழுதிவைக்கும் ஒரு சிறு பழக்கத்தைப் பற்றி மட்டும் அங்கத்தினர்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் சங்கத்தில் சேருமுன் பல ஆண்டுகள் ஒரு வியாபாரியிடம் கூலிக்குப் பட்டு நெய்தவன். வீட்டில் விசேஷம் வந்தால் முன்பணம். குழித்தறியில் ஈரம் ஊறி வேலை நின்றுபோகும் மழைக்காலத்திலும் முன்பணம். நெய்து கொடுக்கும் சேலைக் கூலியில் அவர் பிடித்துக்கொள்வார். வாங்கியது எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. ஒரு தை மாதம் கணக்குக் கேட்டேன். என் நினைவில் இருந்த பாக்கி 18,000 ரூபாய். அவருடைய பேரேட்டில் இருந்தது 31,000. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஏமாற்றவில்லை என்று சொல்லவும் ஆதாரமில்லை. வாய் திறவாமல் வீடு திரும்பினேன்.

அன்றிரவு என் மகள் தன் பழைய பள்ளி நோட்டில் மீதமிருந்த தாள்களில் கோடு போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சினமே வந்தது. இருந்தும், நாடாவைக் கீழே வைத்ததும் நான்கு வரி எழுதத் தொடங்கினேன்: இன்று நெய்த முழம், வந்த பணம், போன பணம், வேலை நின்றிருந்தால் அதன் காரணம். முதல் மாத முடிவில் கண்டது எனக்கே வியப்பாயிற்று. கோர்வைச் சேலை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றுதான் எவர் கேட்டாலும் சொல்லிவந்தேன். நோட்டின்படி 17 நாள். பாவு பிணைத்த நாளும், ஜரிகைக்காகக் காத்திருந்த நாட்களும், கோர்வை வாங்க எதிர்ப்பக்கம் உட்காரும் பையன் வராத நாளும் என் கணக்கில் நாட்களாகவே இருந்ததில்லை. மூன்றாம் மாதம் முடியுமுன் தலையெழுத்து என்று நான் எண்ணியிருந்த கடன், கூட்டல் கழித்தலாகிவிட்டது. கடன் அப்போதும் தீரவில்லை. ஆனால் அது எந்த மாதம் தீரும் என்று என்னால் சொல்ல முடிந்தது.

கணக்கு என்பது நம் ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஆண்டு 919, 921. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பெருமையுடன் பேசுகிறோம். அதே கல்வெட்டில், வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களையும் தேர்தலினின்று விலக்கிவைத்த விதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தறியிலும் ஏரிலும் கையுழைத்தவர்களுக்கு அச்சபையில் இடமிருந்தது என்று எவரும் மயங்க வேண்டாம். வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அது திறந்திருந்தது. ஆயினும் அவர்களுடைய அந்த விதியை நாம் எடுத்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.

"கூலியே போதவில்லை, நோட்டு என்ன செய்யும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நோட்டு கூலியை உயர்த்தாது. பட்டின் விலையையும் ஜரிகையின் விலையையும் குறைக்காது. ஆனால் கூட்டுறவு இயக்கமே கூலி போதாதவர்கள் தொடங்கியதுதான். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் வாரத்திற்கு ஆளுக்கு 2 பென்சு, பின்னர் 3 பென்சு என்று சேர்த்து, 28 பவுன் முதலுடன் டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். வாரந்தோறும் அந்தப் பென்சுகளைக் கொடுத்த பழக்கமே அவர்களைக் கடைக்காரனின் கடனாளி என்ற நிலையிலிருந்து கடையின் சொந்தக்காரர்களாக்கியது. காந்தியடிகளும் லண்டனில் மாணவராயிருந்தபோது காசு பிசகாமல் செலவெழுதி, இரவு உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்து வந்தார். பிற்காலத்தில் பொதுப்பணத்தைக் கையாள அப்பழக்கமே உதவியது என்று தம் வரலாற்றில் கூறுகிறார்.

எங்கள் தெருவில் இப்போது ஐந்து பேர் எழுதுகிறோம். சென்ற பொதுக்குழுவில் கூலியைப் பற்றி வழக்கம்போல் கூச்சல் எழுந்தபோது, நாங்கள் ஐவரும் ஒரு சேலைக்கு ஆகும் நாட்களைத் தேதிவாரியாகப் படித்தோம். கூலி உடனே உயர்ந்துவிடவில்லை. நிர்வாகக் குழுவினர் நோட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். கூச்சலை அவர்கள் அப்படி வாங்கிப் பார்த்ததில்லை.

எழுத விரும்புவோர்க்கு ஓரிரு வார்த்தைகள். ஆவலால் முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் மூன்றாம் வாரம் நிறுத்திவிட்டார்கள். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். தவறிய நாளை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள். பென்சிலைத் தறிக்காலில் கட்டிவிடுங்கள். தேடும் சிரமமே பலருடைய பழக்கத்தைக் கெடுக்கிறது. பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு நாள்தோறும் வரவு இராது. ஏரித் தண்ணீர் பாய்ந்த நாள், ஆட்கூலி, உரமூட்டை ஆகியவற்றை எழுதினால், சங்கக் கடன் எதில் போயிற்று என்பது அறுவடையில் விளங்கும்.

சேமிப்பு பாதுகாப்புத் திட்டத்தில் நம் கூலியிலிருந்து பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் தொகை இன்று எவ்வளவு என்று கேட்டால், நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்த முறை கூலி வாங்கப் போகும்போது நோட்டையும் பாஸ் புத்தகத்தையும் கொண்டுபோய்ச் சங்கப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கோடு போட்ட நோட்டுகளைச் சங்கமே அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. கையெழுத்தைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். என் நோட்டின் முதற் பக்கங்களை என் மகளைத் தவிர வேறெவராலும் படிக்க இயலாது.