முழுசா உடைக்கணுமா? ஷவர் மட்டும் போதுமா?

டிப்ளமோ கையில் வந்த மறுவாரமே யாராவது ஒரு சொந்தக்காரர் நம்மிடம் கேட்கப்போகும் கேள்வி இது: "தம்பி, நீ சிவில் படிச்சவன்தானே? மாடி பாத்ரூம்ல இருக்கிற சிமெண்ட் தொட்டியை இடிச்சிட்டு ஷவர் மட்டும் போட்டாப் போதுமா, இல்லே முழுசா உடைச்சுக் கட்டணுமா?"

கொத்தனாரைக் கேட்டால் "முழுசா உடைச்சிடலாம் சார்" என்பார். டைல்ஸ் கடைக்காரரும் அதையேதான் சொல்வார். வீட்டுக்காரரோ செலவை மட்டும் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது வேறு. தண்ணீர் எங்கே போகிறது?

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தரையிலுள்ள நஹானி ட்ராப்பைத் துணியால் இறுக்கி அடையுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் புதிதாக ஈரம் பூத்தால் தரை போய்விட்டது என்று அர்த்தம். ஈரம் இல்லையா? இப்போது துணியை எடுங்கள். தண்ணீர் இறங்கும்போது மட்டும் ஈரம் தெரிந்தால் கோளாறு ட்ராப் இணைப்பிலோ கழிவுக் குழாயிலோதான். அந்த இடத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்தால் போதும்.

தரை போயிருந்தால் தயவு தாட்சண்யம் வேண்டாம், முழுசா உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்யச் சொல்லுங்கள். சுவருக்குள் பழைய ஜி.ஐ. குழாய் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தாலும் அப்படியே. மேலே புது டைல்ஸ் ஒட்டி மறைத்தால், நாளைக்கு அந்தப் புது டைல்ஸையே உடைக்க வேண்டி வரும்!

எல்லாம் நன்றாக இருந்தால் தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் போடலாம். வழுக்காத டைல்ஸும், பாட்டி பிடித்து நடக்கச் சுவரில் ஒரு கம்பியும் சேர்ந்தால் போதும். ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். மாடி டேங்க் ஷவருக்கு மேல் ஒன்றரை மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.15 கிலோதான். எவ்வளவு விலை உயர்ந்த ஷவரானாலும் தூறல்தான் போடும்! தொட்டி போனால் சேமிப்பும் போகும். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை மறக்கலாமா? அதற்கும் ஒரு டிரம்முக்கு இடம் விடுங்கள்.

சில ஆயிரத்தில் முடிகிற வேலையை லட்சத்துக்கு இழுக்கவும் நம் படிப்பு உதவும். அந்தப் பணத்தை ஒரு குடும்பத்துக்கு மிச்சப்படுத்தித் தரவும் உதவும். எதற்கு உதவ வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. "உடைக்க வேண்டாம் மாமா" என்று தைரியமாகச் சொல்லவும் படிப்பு வேண்டும் நண்பர்களே!