மைக் யார் கையில்?



ஆஸ்கார் விழாவை யார் தொகுத்து வழங்குவது என்று அமெரிக்காக்காரன் வருசா வருசம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறான். ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றித் தலையங்கமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நம்ம ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் குறும்படங்களுக்குப் பரிசளிப்பு விழா நடந்தது. வாசலில் விருந்தினரை அழைத்து வர எங்கள் தெருப் பிள்ளைகளின் தப்பாட்டம். மைக் பிடிக்க எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒத்துக்கொண்டிருந்தாள். எம்.ஏ. தமிழ் படித்தவள், பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவள். இரண்டு நாள் இருக்கும்போது, "மேடைக்கு வேற ஆளு சொல்லிட்டோமுங்க, பாப்பாவுக்கு முன்வரிசையில சேர் போட்டுர்றோம்" என்று சேதி வந்தது. ஏனுங்க என்று கேட்டேன். "தப்பா நெனச்சுக்காதீங்க, பெரிய மனுசங்க வர்ற மேடை" என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நமக்குத்தான் தெரியுமே.

ஊருக்குச் சேதி சொன்னவன் யார்? சாவுச் சேதியும் ஏலச் சேதியும் தமுக்கடித்துத் தொண்டை கிழியச் சொன்னவன் நம் பாட்டன். 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். கூலியும் மரியாதையும் இல்லாதவரை அறிவிக்கிறது நம்ம வேலை. அதற்கு ஏசி அரங்கமும் கைதட்டலும் வந்துவிட்டால் அது பெரிய மனுசங்க மேடை!

அங்கேயும் இதே கதைதான். 1940இல் 'கான் வித் த விண்ட்' படத்தில் அடிமைப் பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கார் வாங்கினார். கருப்பரில் முதல் ஆள் அவர்தான். விழா நடந்த ஓட்டலில் கருப்பருக்கு அனுமதி கிடையாது. தனியாகக் கெஞ்சி அனுமதி வாங்கி, சுவரோரம் ஒரு சின்ன மேசையில் உட்கார வைத்தார்கள். நம்ம ஊர் இரட்டைக் குவளை, அங்கே இரட்டை மேசை. அந்த விழாவை ஒரு கருப்பர் தனி ஆளாகத் தொகுத்து வழங்க 1994 வரை, வூப்பி கோல்ட்பர்க் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாய் நின்றவர்கள் அதற்கு முன்பும் உண்டு.

இங்கே பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நாயகி. புலையர் பெண் நாயர் பெண்ணாக நடித்துவிட்டாள் என்று சாதி வெறியர்கள் விரட்டினார்கள். தான் நடித்த படத்தைத் தானே பார்க்க முடியாமல் தமிழ்நாட்டுக்கு ஓடி வந்து, பெயர் வெளியே தெரியாமல் வாழ்ந்து முடிந்தார். படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது கொடுக்கிறது. ரோசியின் பெயரைத் தூக்கிப் பிடித்து, சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழா நடத்தியது. நாம் மேடை போட்டால்தான் நம் பெயர் மேடையேறும்.

சரி, மைக் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? 2016இல் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் இரண்டாவது வருசமாக வெள்ளையருக்கே போயின. அந்த வருசத் தொகுப்பாளர் கிறிஸ் ராக், கருப்பர். விலகச் சொன்னார்கள், விலகாமல் மேடையேறி, அவர்கள் மூஞ்சிக்கு நேராகவே கிழித்தார். சபாஷ். ஆனால் உறைக்குள் இருந்த பெயர்களை எழுதியது வேறு ஆட்கள். பெண்கள், சிறுபான்மையினரின் எண்ணிக்கையை உறுப்பினர் பட்டியலில் 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக அகாடமியைச் சொல்ல வைத்தது வெளியே எழுந்த கோபம்தான். அதே ராக் அதே ராத்திரி மூன்று ஆசியக் குழந்தைகளை மேடையேற்றிக் கேலி பேசினார். அகாடமி பிறகு வருத்தம் தெரிவித்தது. மிதிபட்டவன் கைக்கு மைக் வந்தால் பக்கத்தில் இருப்பவனை மிதிக்க மாட்டான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நம் கூட்டங்களில் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை தடவை மைக் கொடுத்திருக்கிறோம்? பெண்களை நன்றியுரைக்கு மட்டும்தானே கூப்பிடுகிறோம்? இதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்காலி நமக்குப் புதுசில்லை. ராசிபுரம் நாடாளுமன்றத் தொகுதியாக இருந்தபோதும் தனித்தொகுதி. 2011 தேர்தலிலிருந்து சட்டமன்றத்துக்கும் தனித்தொகுதி. முன்வரிசைச் சேரைக் காட்டி நம் வாயை அடைப்பது பழைய தந்திரம்.

அடுத்த வருசமும் தப்படிக்கக் கூப்பிடுவார்கள். தெருவில் கூடிப் பேசிவிட்டோம். மைக்கில் நம் குரல், தேர்வுக் குழுவில் நம் ஆள், ஆட்டத்துக்குப் பேசிய கூலி முன்பணமாக. மூன்றும் இல்லையென்றால் அவர்கள் வாசலில் தப்பு முழங்காது.

அதுவரை சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடப் போகிறோம். மைக் அந்தப் பெண்ணின் கையில்தான். முன்வரிசை, பின்வரிசை கிடையாது, எல்லோருக்கும் பாய்தான். வாங்க தோழர்களே.