முயலின் படர்தாமரை: கூண்டுக்கும் வைத்தியம் வேண்டும்

வேம்பார் முதல் திருச்செந்தூர் வரையுள்ள கடலோர ஊர்களில் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நாலைந்து முயல் வளர்ப்போருக்கு ஓயாத தொல்லை தருவது படர்தாமரை. மருந்து போட்டால் ஆறுகிறது. சில வாரங்களில் மறுபடி தலைகாட்டுகிறது. உடனே மருந்து சரியில்லை என்று வேறு மருந்து தேடுகிறார்கள். மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, முறையை. நோய் தோலில் மட்டும் இல்லை, கூண்டிலும் இருக்கிறது.

முயலுக்கு இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது டிரைக்கோபைட்டான் மென்டாகுரோபைட்ஸ் என்னும் பூஞ்சை. முகம், காது, பாதம் ஆகிய இடங்களில் முடி திட்டுத்திட்டாக உதிர்ந்து, செதிலும் பொருக்கும் காணப்படும். இளம் முயல்களையே அதிகம் தாக்கும். நோய்க்குறி எதுவும் இல்லாத தாய் முயலும் குட்டிகளுக்குப் பரப்பக்கூடும். உதிர்ந்த முடியிலும் செதிலிலும் உள்ள பூஞ்சை வித்துக்கள் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

சொறி நோயையும் இதையும் ஒன்றாக எண்ணுவது முதல் தவறு. சொறி நுண்ணிய உண்ணிகளால் வருவது. அரிப்பு கடுமையாக இருக்கும். அதற்கு ஐவர்மெக்டின் ஊசி கேட்கும், படர்தாமரைக்குக் கேட்காது. புண்ணின் ஓரத்தில் சுரண்டிய செதிலையும் முடியையும் நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும். எனவே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ, நெல்லை இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டிய பின்னரே வைத்தியம் தொடங்க வேண்டும். நாய்க்குப் பயன்படும் பிப்ரோனில் மருந்தை முயலுக்குத் தெளிப்பது அதன் உயிருக்கே ஆபத்து.

மனிதருக்கான களிம்பைத் தடவுவது இரண்டாவது தவறு. இக்களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். கூடவே பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கிவிடும். போதாதற்கு முயல் அதை நக்கியும் விழுங்கும். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதித்தது காரணமின்றி அல்ல.

முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவது மூன்றாவது தவறு. இட்ராகொனசோல், டெர்பினாபின் போன்ற மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். சினை முயலானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரிசியோபுல்வின் போன்ற மருந்து வயிற்றிலுள்ள குட்டியைக் கெடுக்கும். இறைச்சிக்கு வளர்ப்போர், மருந்து நிறுத்தி எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இனி கூண்டு. உப்புக் காற்றில் இரும்பு வலை விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி தோலைக் கீறி நோய்க்கு வழி திறக்கும். துத்தநாகம் பூசிய வலையே இப்பகுதிக்கு ஏற்றது. முயல்களை அப்புறப்படுத்தி, முடியைத் துடைத்தெடுத்து, கம்பிக் கூண்டைத் தீச்சுவாலையால் வாட்ட வேண்டும்; ஓலைக் கூரைக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது. தரையையும் தட்டையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். பழைய சாக்கையும் படுக்கைப் புல்லையும் எரித்துவிட வேண்டும். பனையோலைக் கூரை வெயிலைத் தடுக்கும். ஆனால் பக்கங்களை அடைத்தால் புழுக்கம் மிகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டுக்குள் ஈரம் தங்காமல் காப்பது அவசியம்.

நாலு முயலுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். இந்நோய் மனிதருக்கும் ஒட்டும். முயலை மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் கையிலும் முகத்திலும் அதே வட்டம் தோன்றும். வீட்டில் மற்றவருக்கும் பரவும். எனவே நோயுற்ற முயலைத் தனியே பிரித்து, தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். புதிதாக வாங்கிய முயலை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். நோயுள்ள குட்டியைச் சந்தையில் தள்ளிவிடுவது நட்டத்தைத் தவிர்க்கும் வழியன்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நோயை விற்பதாகும்.