அமானிதம் காக்கும் முறை இதுதானா?

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நூம்பலில் எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்றவர் தம் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பார்த்தீங்களா பாய், பள்ளிக்கூடத்திலே போடப்போற ஊசியாலே நம்ம பிள்ளைகளுக்கு நாளைக்கு வாரிசே இல்லாமப் போயிடுமாம்" என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேர் தலையசைத்தார்கள். ஊசி போடும் நாளில் தம் மக்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லை என்றார் ஒருவர். சொன்னபடியே செய்தார்.

அந்தச் செய்தி பொய் என்பதை நான் அறிவேன். அறிந்திருந்தும், 'நமக்கேன் வம்பு' என்று செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஈராண்டு கழிந்தது. அவருடைய இளைய மகனுக்குத் தட்டம்மை கண்டது. பையன் பத்து நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டான். ஆனால், அடுத்த வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. ஒன்பது மாதம் நிறையுமுன் வழக்கமாக அந்த ஊசியைப் போடுவதில்லை. சுற்றி இருப்போர் நோயின்றி இருப்பதே அத்தகைய குழந்தைக்குக் காவல். அந்தக் காவல் உடைந்தது. நுரையீரலில் சளி கட்டி, பதினொரு நாள் மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடியது அந்தப் பச்சிளம் உயிர். இறைவன் அருளால் பிழைத்தது. அதன் தாய் யாரையும் ஏசவில்லை. 'அல்லாஹ்வின் நாட்டம்' என்றார். அவர் அப்படிச் சொல்லலாம். பள்ளிவாசல் வாயிலில் வாய்மூடி நின்ற நான் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

வதந்தியின் வலிமை

அந்தப் பிப்ரவரியில் தமிழகம், கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவுகள் ஆகிய பகுதிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் எதிரான கூட்டுத் தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை, தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது நோக்கம். ஒரு மாதத்தில் முடிய வேண்டிய பணி மார்ச்சுக்கும் நீண்டது. நீட்டியது எது? வாட்ஸ்அப்பில் பறந்த வதந்தி! அது சாதி பார்க்கவில்லை; சமயம் பார்க்கவில்லை. எல்லாத் தெருக்களிலும் நுழைந்தது. தடுப்பூசியை எதிர்ப்பது முஸ்லிம்களுக்கே உரிய குணம் என்று சிலர் பேசுவது வரலாறு அறியாத பேச்சு. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூலே எழுதி வெளியிட்டவர் மூதறிஞர் இராஜாஜி!

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மற்ற தெருக்களில் வதந்தி வதந்தியாகவே உலவியது. நம் தெருவில் அது மார்க்கத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு உலவியது. நம்மை வெட்கப்பட வைப்பது அதுதான். ஆகவே, அந்தப் போர்வையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்ப்போம்.

சந்ததியை அழிப்பது எது?

ஊசி மலட்டுத்தன்மை தரும் என்பது முதல் குற்றச்சாட்டு. நம் நாட்டில் அனைத்துக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கிய 1985ஆம் ஆண்டு முதலே தட்டம்மை ஊசி போடப்பட்டு வருகிறது. அன்று போட்டுக்கொண்ட குழந்தைகள் இன்று தாயும் தந்தையுமாக நிற்கிறார்கள். கைப்பேசியில் இந்தப் பொய்யைப் பரப்பியோருள் பலர், அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வளர்ந்து, பிள்ளையும் பெற்றவர்கள்! ரூபெல்லா தடுப்பூசியைத் தம் குழந்தைகளுக்குப் போட்டுவரும் சவூதி அரேபியாவும் துருக்கியும் மலேசியாவும் சந்ததியற்றா போயின?

சந்ததியைக் கெடுப்பது அந்த ஊசி தடுக்கும் நோய்தான். ரூபெல்லா சிறுவனுக்கு வந்தால் லேசான காய்ச்சல். மேலெல்லாம் சிறு தடிப்பு. மூன்று நாளில் மறைந்துபோகும். கருவுற்ற முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் குழந்தை கண்ணில் புரையோடும், காது கேளாமலும், இதயத்தில் குறையோடும் பிறக்கக்கூடும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதனைக் கண்டறிந்து சொன்னார். உங்கள் மகனுக்கு ஊசி வேண்டாம் என்று நீங்கள் மறுக்கும்போது, அதே வீட்டில் கருவுற்றிருக்கும் அவனுடைய சித்தியின் பிள்ளைக்கும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள். அந்த உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள்?

சதியும் சந்தேகமும்

'மேல்நாட்டுச் சதி' என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. நூம்பலிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத கிண்டியில் கிங் நிலையம் 1899இல் தோன்றியதே அம்மைப்பால் தயாரிப்பதற்குத்தான். அதே கிண்டியில் பி.சி.ஜி. மருந்துக்கூடம் 1948இல் எழுந்தது. 2017இல் நம் பிள்ளைகளுக்குப் போட்ட மருந்து புனே நகரில் செய்தது. நம் வீட்டு அடுக்களைச் சரக்கைப் பார்த்து, 'அயலான் வைத்த நஞ்சு' என்று அலறுவது போன்றது இக்கூச்சல்.

ஆனால், சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2011இல் அப்போட்டாபாத் நகரில் ஒசாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, ஒரு மருத்துவரைக் கொண்டு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்று நாடகம் ஆடியது உண்மை. மருத்துவத்தின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையைக் களவாடிய கயமை அது. ஆனால், அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? உளவு பார்த்தவர்களா? சொட்டு மருந்து கொடுக்கச் சென்று சுட்டுக் கொல்லப்பட்ட ஏழைப் பெண்களும், மருந்து கிடைக்காமல் கால் சூம்பிய குழந்தைகளுமே! இளம்பிள்ளைவாதம் ஊரோடு ஒட்டி வாழும் நாடுகள் உலகில் இன்று இரண்டே இரண்டு: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். பிறர் செய்த துரோகத்துக்கு நம் பிள்ளையின் கால்களையா ஈடு வைப்பது?

2008ஐ மறைக்கலாமா?

இங்கே நம் மாவட்டத்தின் துயரத்தையும் சொல்லியாக வேண்டும். 2008 ஏப்ரலில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அந்த மரணங்களைச் சொல்லாமல் தடுப்பூசியின் பெருமையை மட்டும் பேசுபவரை மக்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடும் முறையை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. எச்சரிக்கை நல்லதுதான். ஆயினும், அச்சமும் தொலைவும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும்? தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் எல்லாத் தடுப்பூசிகளும் முறையாகப் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 81. 2015-16இல் நூற்றுக்கு 70. முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டிய நாம் பத்தாண்டில் பின்னோக்கி நடந்தோம்! 2019-21இல்தான் அது 89 ஆக உயர்ந்தது.

ஊசி போடும் இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா, மருந்து குளிரில் காக்கப்பட்டதா என்று கேளுங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து பிள்ளையைக் கவனியுங்கள். அது தாய் தந்தையின் உரிமை. கேள்வி கேட்பது வேறு. கதவைச் சாத்துவது வேறு. சுகாதாரத் துறையினரும் கேள்வி கேட்பவரை அறிவிலி என்று விரட்டாமல் விடை சொல்லப் பழக வேண்டும்.

ஹலாலா, ஹராமா?

மூன்றாவது கேள்வியே பக்தியுள்ள உள்ளங்களை உண்மையாக வருத்துவது. மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் கலந்திருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை எள்ளி நகையாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், கேட்டவர்கள் விடையையும் கேட்க வேண்டாமா? 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும், ஒரு பொருள் தன் இயல்பே மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்று கண்டனர். இந்தோனேசிய உலமாக்கள் மன்றம் 2018 ஆகஸ்டில் இதனினும் கடுமையாக ஆராய்ந்தது. புனேயிலிருந்து சென்ற இதே தட்டம்மை, ரூபெல்லா மருந்தின் தயாரிப்பில் விலக்கப்பட்ட பொருள் உண்டு என்றே தீர்ப்பளித்தது. ஆயினும், மாற்று மருந்து இல்லாததாலும், நோயின் கேடு பெரிதாகையாலும், நிர்ப்பந்தம் கருதி அதனைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் பரப்பியவர்கள் பிற்பாதியை விழுங்கிவிட்டார்கள். அச்சே மாநிலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் எண்ணிக்கை படுத்தது. பிறகு அங்கே தட்டம்மை எழுந்து நின்றது.

இன்னுமொரு கேள்வி. ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட சான்றில்லாமல் சவூதி மண்ணில் இறங்க முடியாது. அப்போது நம்முள் எவரேனும் 'இது சதி' என்று பயணத்தை நிறுத்தியதுண்டா? சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் ஆளாக வரிசையில் நிற்கிறோம். ஹாஜியாரின் கைக்கு ஹலாலான ஊசி, அவருடைய பேரனின் கைக்கு மட்டும் ஹராமாவது எப்படி?

விதியின் பேரில் பழி

'வருவது வந்தே தீரும். தவக்கல் வைத்தால் போதும்' என்பது கடைசிப் புகலிடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மேல் பொறுப்பு வைக்கச் சொன்னவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். சிரியாவில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையோடு பாதிவழியில் திரும்பினார்கள். 'விதியிலிருந்தா ஓடுகிறீர்?' என்று வினவப்பட்டபோது, திரும்புவதும் இறைவன் வகுத்த விதியே என்று உணர்த்தினார்கள். நோய் அவன் விதியென்றால் மருந்தும் அவன் விதியே.

நம் முன்னோர் இத்துறையில் பிறருக்குப் பாடம் சொன்னவர்கள். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்துக் காட்டித் தனி நூல் செய்தவர், ஏறத்தாழ 925இல் மறைந்த மருத்துவமேதை அர்-ராஸி. இங்கிலாந்துத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு, துருக்கியத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதைக் கண்டு 1717இல் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே தம் மகனுக்கும் குத்தச் செய்தார். ஜென்னரின் கண்டுபிடிப்பு வந்தது 1796இல். நாம் கடன் கொடுத்த விளக்கு நம் வாசலுக்குத் திரும்பி வரும்போது, அதனை அந்நியன் வைத்த தீ என்று ஊதி அணைக்கலாமா?

இழந்தது போதாதா?

2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். அங்கும் நம் சமுதாயத்துக் குழந்தைகளே தம் விகிதத்துக்கு மிஞ்சிப் பாதிக்கப்பட்டனர். பின்னர் அலிகர் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் உலமாக்களும் களத்தில் இறங்கி வீடுவீடாகப் பேசினர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று நம் வட்டாரம் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. மிம்பர் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

மிம்பர் மௌனமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2015, 2016 ஆண்டுகளில் கேரளத்து மலப்புறத்தில், நாம் மறந்தேவிட்ட தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. 2022இல் மும்பை கோவண்டிச் சேரிகளை மையமாக்கிப் பரவிய தட்டம்மைக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியாயின. தட்டம்மை போனபின்னும் அதன் வஞ்சம் போவதில்லை. முன்பு வந்த நோய்களை எதிர்க்க உடல் சேர்த்துவைத்த ஆற்றலையே அது அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நூற்றுக்கு 95 பேர் காப்புப் பெற்றாலன்றி அது ஓயாது.

ஆகவே, ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேட்டைக் காக்கிறீர்கள். மையவாடிக் கணக்கைக் காக்கிறீர்கள். மஹல்லாவில் பிறக்கும் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பற்றி என்றாவது விசாரித்ததுண்டா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் கட்டணமின்றி ஊசி போடுகிறார்கள். அதை அறிவிக்க ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் போதும். வாப்பாமார்களே! குழந்தை நம் உடைமை அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் அதன் கையைப் பிடித்துச் செல்ல வேண்டிய கடமையை உம்மாவின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்றொரு மருத்துவமனைச் சமையற்காரர் இருந்தார். வலிக்குமென்று அஞ்சி அம்மை ஊசிக்கு ஒளிந்தார். 1977 அக்டோபரில் உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவரே ஆனார். பிழைத்து எழுந்த அவர், பிற்காலத்தில் தம் தவற்றையே கதையாகச் சொல்லிக்கொண்டு, போலியோ மருந்தை மறுத்த தாய்மாரைத் தேடி ஊர் ஊராக நடந்தார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதே மறைந்தார்.

தாம் அஞ்சியதை அவர் மறைக்கவில்லை. நான் மௌனமாயிருந்ததை நானும் மறைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை செருப்பு தேடும் நேரத்தில் யாரேனும் கைப்பேசியை நீட்டினால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிந்தியுங்கள்!