செடி சேர்க்க இமயம்தான் போக வேண்டுமா?

தாவரவியல் படிக்கும் மாணவியர் பலருக்கு இமயமலை என்றாலே ஒரு கனவு. பனி உருகும் சரிவுகள், செந்நிற ரோடோடென்ட்ரான் பூக்கள், முதுகில் செடி அழுத்தும் பலகையைச் சுமந்து நடக்கும் ஆராய்ச்சியாளர்! அந்தக் கனவை நாம் குறை கூறவில்லை. ஆனால் இமயத்தில் செடி சேர்த்தவர்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், ஓசூரில் இருக்கும் நமக்கு அதில் வேறொரு செய்தி கிடைக்கிறது.

1848-ஆம் ஆண்டு முதல் சிக்கிம் மலைகளில் அலைந்தவர் ஜோசஃப் ஹூக்கர் என்னும் ஆங்கிலேயர். 1849-இல் சிக்கிம் அரசு அவரைச் சில வாரங்கள் சிறைப்படுத்தியது. அவர் உழைப்பு பெரிது. எனினும் அவர் சேர்த்த செடிகள் சென்று சேர்ந்த இடம் லண்டன் அருகிலுள்ள கியூ தோட்டம். நம் நாட்டுச் செடியைப் பற்றி நாம் அறிய வேண்டுமானால் கப்பலேற வேண்டிய நிலை வந்தது!

இந்த நிலையை எண்ணி மிகவும் வருந்தியவர் ஒரு பெண்மணி, டாக்டர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, அங்கே திரு இருதயக் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர். (நம்மைப் போன்ற பள்ளியில்தான், தோழியரே!) பின்னர் சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நேபாள மலைகளில் செடி சேகரித்தார். இமயத்தின் வறண்ட வடமேற்கைவிட ஈரமான வடகிழக்கில் குரோமோசோம் எண்ணிக்கை பெருகிய செடிகள் மிகுதி என்று கண்டு, அதற்குக் காரணமும் ஆராய்ந்தார். நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை 1952-இல் ஏற்றார். இந்தியச் செடிகளை இந்தியரே சேர்த்து இங்கேயே காக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1984-இல் மறையும்வரை அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

இமயத்துக்குச் சென்ற இவரே கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் பணிபுரிந்தவர். அங்கே ஆராயப்பட்ட செடிகளுள் ஒன்று, ஆற்றோரத்தில் எவரும் மதிக்காத பேய்க்கரும்பு. அதன் வலிமையை நல்ல கரும்போடு கலந்துதான் கோயம்புத்தூரின் புகழ்பெற்ற கரும்பு வகைகள் உருவாயின. காலையில் நாம் குடிக்கும் காப்பியின் இனிப்பில் ஒரு காட்டுப் புல்லின் பங்கும் உண்டு என்றால் வியப்பன்றோ!

அப்படியானால் நம் தென்பெண்ணைக் கரையில் என்னென்ன புற்கள் வளர்கின்றன? நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. நம் தந்தையர் பலரின் பிழைப்பு அத்தொழிற்சாலைகளில்தான். அவற்றைக் குறை கூறும் நன்றிகெட்ட எண்ணம் நமக்கில்லை. ஆனால் மனைப்பிரிவுக் கற்கள் நடப்பட்ட ராகிக் கொல்லையின் வரப்பில் நேற்றுவரை என்ன முளைத்திருந்தது என்பதை யாரேனும் எழுதி வைத்தார்களா?

பார்த்தீனியத்தையே எடுத்துக்கொள்வோம். தும்மலும் தோல் அரிப்பும் தரும் இந்தக் களை 1950-களில் பூனா அருகே கவனிக்கப்பட்டது. நம் ஊருக்கு எப்போது வந்தது? பெரியோரைக் கேட்டால் ஆளுக்கோர் ஆண்டு சொல்கிறார்கள். அன்று ஏதேனும் ஒரு பள்ளியில் ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தேதியும் இடமும் எழுதி வைத்திருந்தால் இன்று ஐயமே இராது. செடி சேர்ப்பதில் உயிர்நாடி அந்தத் துண்டுச் சீட்டுதான். எங்கே, எந்த நாள், எத்தகைய மண், பூவின் நிறம் என்ன, எடுத்தவர் யார்? காய்ந்தபின் நிறம் போய்விடும். சீட்டு மட்டுமே சொல்லும். சீட்டில்லாத செடி வெறும் வைக்கோல்.

இதனால்தான், தேர்வுக்கென்று ஒட்டித் தயாராக விற்கும் தாள்களை விலைக்கு வாங்கும் வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. எவரோ எங்கோ பறித்த செடிக்கு நம் பெயரை எழுதி மதிப்பெண் பெறுவதில் கல்வி ஏது?

செடியைப் பறிப்பது பாவமல்லவா என்று சில சகோதரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இமயத்திலும் பிற மலைகளிலும் ஆர்க்கிட் செடிகளை மூட்டை மூட்டையாகப் பிடுங்கி விற்றவர்கள் உண்டு. நமக்கு ஒரு கிளை போதும். ஓரிடத்தில் ஒன்றிரண்டே இருந்தால் தொடாமல் படம் வரைந்து வரலாம். தளி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையவே கூடாது. 2014 முதல் அங்கே காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. சட்டத்தை மறந்தாலும் யானையை மறக்க முடியாது!

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகன் ஏரிக்கரையில் சுற்றினால் விளையாட்டு, மகள் சென்றால் வெயில், பாம்பு, ஊர்ப்பேச்சு! ஆசிரியையுடன் குழுவாக, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். மலையேறிய ஜானகி அம்மாளும் ஒரு வீட்டின் மகள்தானே.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மாத்யூ 1967-இல் தொடங்கிய ராபினா ஹெர்பேரியம் இன்று ஆராய்ச்சியாளர்கள் நாடிவரும் இடம். நாம் கேட்பது அவ்வளவு பெரிதன்று. ஆய்வுக்கூடத்தில் ஈரம் படாத ஓர் அலமாரி, பழைய செய்தித்தாள், தடித்த வெள்ளைத்தாள், இரண்டு பலகை, சில நாஃப்தலின் உருண்டைகள். மழைக்காலத்தில் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு முறை வைத்துக்கொள்ளலாம். முதல் தாளுக்கு ஆவாரையே போதும், சாலையை அகலப்படுத்துமுன் எடுத்துவிட்டால்.